விருந்தாளிக்காக அடுக்கிய அலுமாரி

எதையும் ஒருவர் கையில் கொடுக்கும் முன் இன்ஷிரா அதைத் துடைத்துவிட்டுத்தான் கொடுப்பாள். பதினொரு வருஷமாக அந்த மாடிக்கு வந்துபோன எல்லோரும் அதைக் கண்டிருக்கிறார்கள். புத்தகம் கேட்டால் தலையில் போட்ட ஷோல் நுனியால் அட்டையை ஒரு இழுவை இழுப்பாள். அலுமாரித் திறப்புக் கேட்டால் அந்தச் சாவியையும் துடைப்பாள். ஒருநாள் கிருஷாந்தன் என்ற மாணவன், "அக்கா, ஒரு குண்டூசி தாங்கோ" என்று கேட்க, அதையும் துடைக்கப்போய் விரலில் குத்திக்கொண்டாள்.

"அக்காட்ட ஒரு சாட்சியக் குடுத்தாலும் துடைச்சுப்போட்டுத்தான் கோட்டுக்கு அனுப்புவா" என்று அவன் சொன்னான். வாசிப்பறை முழுக்கச் சிரித்தது. இன்ஷிராவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஸெய்னுதீன் சேரின் சட்டக் கல்வி நிலையம் திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இரண்டு வகுப்பறை, ஒரு வாசிப்பறை, கரண்ட் போனால் கையால் விசிற வேண்டிய, சேரின் மேசை கிடக்கும் ஒரு கந்தோர் அறை. வாசிப்பறை ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் தெரியும். கூடவே தூசும் வரும். அதனால் திறப்பதில்லை.

இன்ஷிராவின் ஊர் மூதூர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாப்பாவுக்குக் கால் விளங்காமல் போனதும், உம்மாவோடு சேர்ந்து இடியப்பம் அவிக்க வீட்டில் ஒரு கை வேண்டியிருந்தது. பத்தொன்பதில் கலியாணம். இரண்டாயிரத்து ஆறில் சண்டை மூண்டு மூதூரே எழும்பிக் கந்தளாய்க்கு நடந்தபோது மகள் அம்ரா இடுப்பில் இருந்தாள். திரும்பி வந்து பல வருஷம் கழித்து, ஸெய்னுதீன் சேரின் மனைவிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கப் போன இடத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. கூட்டுவது, தேத்தண்ணி வைப்பது, வாசிப்பறையைப் பார்ப்பது. யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது கொண்டுவந்தார் என்று பதிவுக் கொப்பியில் எழுதுவது. எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சுத்தான் வராது. யாராவது இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் முதலாவதுக்கு மட்டும் தலையாட்டுவாள்.

பேசாதவளுக்குப் பார்க்க நேரம் இருந்தது. சட்டம் தெரியாவிட்டாலும், நல்ல வகுப்பு எது என்று அவளுக்குத் தெரியும். வகுப்பு முடிந்த பிறகும் படிக்கட்டில் இரண்டு பேர் மறித்து நின்று, "நீ சொல்றது பிழை, வா, அக்காட்ட அந்தக் கட்ட வாங்கிப் பாப்பம்" என்று சண்டை பிடித்தால் அது நல்ல வகுப்பு. முடிந்ததும் எல்லோரும் போனை நோண்டிக்கொண்டு இறங்கினால், படிப்பித்தவர் அன்றைக்கு நோட்ஸைப் பார்த்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவர்கள் கட்டு என்று சொன்னது இதைத்தான். நிலையத்தில் ஆரம்பத்தில் வாங்கிய புத்தகம் குறைவு. தீர்ப்புகளையும் பாடங்களையும் போட்டோக்கொப்பி எடுத்து, சாக்கு ஊசியால் தைத்து, நம்பர் போட்டு வைப்பது இன்ஷிராவின் வேலை. அறுபத்திரண்டு கட்டுகள் இருந்தன. மூலை சுருண்டு, தேத்தண்ணிக் கறை பட்டு, சிலதுக்கு முதல் பக்கமே இல்லை. ஓரங்களில் பென்சில் எழுத்து. ஒருவர் எழுதியதற்குக் கீழே அடுத்த வருஷத்தில் வந்தவர் பதில் எழுதுவார். அதற்கும் கீழே, இரண்டு பேருக்கும் மூளை இல்லை என்று இன்னொருவர் எழுதி, ஏன் இல்லை என்றும் விளக்கியிருப்பார்.

பதினாலாம் கட்டு காணிச் சட்டம். ஒருவர் பத்து வருஷம் இடையூறில்லாமல் ஆண்ட காணி அவருக்கே உரித்தாகலாம் என்ற பாடத்துக்குப் பக்கத்தில், சம்பூரிலிருந்து வந்து படித்த நிரோஷினி என்ற பிள்ளை எழுதியிருந்தாள்: "நாங்கள் அகதிக் காம்பில் இருந்த வருஷங்களும் இந்தப் பத்தில் சேருமா?" அதன் கீழே வேறு கை: "2016 இல் வந்த விசேட சட்டத்தைப் பார்." அதற்குக் கீழே மீண்டும் நிரோஷினி: "பார்த்தேன். அதை அறிவித்தது யாருக்கு? எங்கள் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது." பிறகு அந்தப் பக்கம் மேலும் நாலு கைகளால் நிறைந்து, பின்பக்கத்துக்கும் போயிருந்தது. நிரோஷினி இப்போது சட்டத்தரணி. சனிக்கிழமைகளில் வந்து படிப்பித்துவிட்டும் போவாள்.

அம்ரா உயர்தரப் பரீட்சையில் நல்லாகச் செய்தாள். ஆனால் பல்கலைக்கழகத்தில் சட்டம் கிடைக்க வெட்டுப்புள்ளி கொஞ்சத்தால் தவறிவிட்டது. பெறுபேறு வந்த வாரம் உம்மாவோடு மாடிக்கு வந்தவள், சும்மா இருக்க ஏலாமல் ஒரு வகுப்பின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தாள். ஒரு பெடியன் விசர்த்தனமான கேள்வி ஒன்று கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஸெய்னுதீன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "இதுக்கு எனக்கு விடை தெரியாது. நாளைக்குப் பாத்திட்டு வாறன்" என்றார். மறுநாள் பார்த்துக்கொண்டும் வந்தார். அம்ரா இதை ஒரு மாதம் திரும்பத் திரும்பச் சொன்னாள். பதின்மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள், தெரியாது என்று ஒரு ஆசிரியர் சொல்லிக் கேட்டதில்லை.

"எனக்கு இங்கதான் படிக்கோணும் உம்மா."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. இதுவரை அந்த மாடியில் நடந்தது பரீட்சைகளுக்குத் தயார்ப்படுத்தும் வகுப்பு மட்டும். பட்டத்துக்குப் பிள்ளைகள் கடைசியில் கொழும்புக்குத்தான் போக வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து அங்கீகாரம் கொடுத்தால், முழுப் படிப்பையும் இங்கேயே முடிக்கலாம். சேர் விண்ணப்பித்திருந்தார்.

இன்ஷிராவின் புருஷன் இக்ராம் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்பவர். கெட்ட மனுஷன் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

"அங்கேயே முடிக்கலாமெண்டா படிக்கட்டும். நாலரை பஸ்ஸில ஏறினா மஃரிபுத் தொழுகைக்கு முந்தி வீட்ட வந்திரலாம். கொழும்பெண்டா அந்தக் கதைய விடுங்க."

"அப்ப வாப்பாக்கு நல்ல கம்பஸ் எண்டா பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட இருக்கிற கம்பஸ்" என்றாள் அம்ரா.

"ஓம். அதுதான் முதல் நல்லது. மிச்ச நல்லதெல்லாம் வீட்ட வந்து சேந்த பொறகு பாப்பம்."

"ஒருவேளை குழு ஏலாதெண்டு சொன்னா?"

இக்ராம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கிண்ணியாவில இருந்து பொண்ணு கேட்டு வந்திருக்காங்க. இந்த வருஷம் முடியுமட்டும் நான் வாய் திறக்க மாட்டன்" என்றார்.

அம்ரா உம்மாவைப் பார்த்தாள். உம்மா தண்ணீர்க் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு வரும் திகதி கிடைத்ததும் சேர் பரபரத்துப்போனார். எழுபத்திரண்டு வயதில் புதுக் கறுப்புக் கோட்டு தைத்தார். கொழும்பில் காலமான ஒரு சட்டத்தரணியின் வீட்டிலிருந்து, சிவப்பு அட்டையில் பொன்னெழுத்துப் பதித்த பழைய சட்ட அறிக்கைத் தொகுதிகளை லொறியில் கொண்டுவந்து இறக்கினார். "இதைக் கண்டா அவங்க ஒரு நிமிஷம் பேச்சில்லாம நிப்பாங்க" என்றார்.

குழு வருவதற்கு முதல் நாள் பின்னேரம் இன்ஷிரா தனியாக நின்று அலுமாரிகளைப் பார்த்தாள். சிவப்புப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் கட்டுகள் நின்ற நிற்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. மூதூரில் கண்ணாடி அலுமாரி இல்லாத வீடு குறைவு. அதற்குள் ஆறு பீங்கான், ஆறு கிளாஸ், ஒரு பெரிய தட்டம். வீட்டில் இருப்பவர்கள் அவற்றில் சாப்பிடுவதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும். விருந்தாளி இருக்கும் நேரம், தினமும் சாப்பிடும் நெளிந்த கோப்பைகள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் பாயால் மூடிக் கிடக்கும். கந்தளாயிலிருந்து திரும்பி வந்தபோது இன்ஷிராவின் உம்மா வீட்டுக் கதவைப் போடும் முன் வாங்கியது ஒரு கண்ணாடி அலுமாரிதான். கதவில்லாத வீட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம். வந்தவருக்கு நெளிந்த கோப்பையில் கொடுக்க ஏலாது.

அறுபத்திரண்டு கட்டுகளையும் அவள் நாலு உரப்பைகளில் போட்டு இறக்கி, படிக்கட்டுக்குக் கீழே வைத்தாள். நடந்துபோன இடமெல்லாம் ஈரத் துணியால் துடைத்தாள். சிவப்புப் புத்தகங்களை உயரம் பார்த்து அடுக்கினாள்.

காலையில் சேர் வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கலியாண வீடு மாதிரி இருக்கு" என்றார். பழைய கட்டுகள் எங்கே என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவும் இல்லை. பதினொரு வருஷத்தில் சேர் அவளைப் புகழ்ந்தது அது மூன்றாவது முறை.

குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு சிங்களப் பேராசிரியை, வெள்ளைச் சேலை, கையில் சிறிய பென்சில். தமிழ் தெரிந்தவர் பாக்கியரத்தினம் என்ற ஓய்வுபெற்ற நீதவான். அவர்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தார். மூன்றாவது ஆள் எழுதுவதற்கு வந்தவர்.

வகுப்பறைகளைப் பார்த்தார்கள். மின்விசிறியைப் பார்த்தார்கள். பிறகு வாசிப்பறை. பேராசிரியை ஒரு சிவப்புப் புத்தகத்தை இழுத்து நடுவில் திறந்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. நகத்தால் பிரிக்க, சரக் என்று ஒரு சத்தம் வந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதே சத்தம்.

"இவற்றை ஆர் வாசிக்கிறது எண்டு கேக்கிறா" என்றார் பாக்கியரத்தினம்.

"மாணவர்கள்தான்" என்றார் சேர்.

பேராசிரியை கிருஷாந்தனைப் பார்த்தார். அவன் அன்று கழுத்தில் ரை கட்டியிருந்தான்.

"தம்பி, கடைசியா இந்தப் புத்தகங்களில எந்த வழக்கை வாசிச்சனீங்கள்?" என்று பாக்கியரத்தினம் மொழிபெயர்த்தார்.

"நாங்கள் ஐயா, உண்மையா வாசிக்கிறது..." என்று தொடங்கியவன் சேரைப் பார்த்தான். பிறகு இன்ஷிராவைப் பார்த்தான். "கனக்க வாசிச்சனாங்கள், ஐயா. எதைச் சொல்றது?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியை மேசையில் இருந்த பதிவுக் கொப்பியை எடுத்துப் புரட்டினார். நின்று நின்று புரட்டினார். இன்ஷிராவின் எழுத்தில் ஒரு வரியைப் பென்சிலால் தொட்டு ஏதோ கேட்டார்.

"கட்டு பதினாலு எண்டு ஒண்டு இந்த வருஷம் மட்டும் நாப்பத்திமூண்டு தரம் வெளியில போயிருக்காம். அதை ஒருக்காக் காட்டச் சொல்லுறா."

சேர் அலுமாரியைப் பார்த்தார். இருந்த இடத்தில் இல்லை. இன்ஷிராவைப் பார்த்தார். அவள் தலை குனிந்து நின்றாள். கீழே இருக்கிறது என்ற இரண்டு சொல் அவள் வாய்வரை வந்தது. உரப்பைக்குள் படிக்கட்டுக்குக் கீழே என்று இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அந்த நொடிக்குள் சேரே முந்திக்கொண்டார்.

"அது பழசு. கழிச்சாச்சு."

"மற்றக் கட்டுகள்?"

"எல்லாம் கழிச்சாச்சு. இப்ப எல்லாம் புதுசு."

எழுத வந்தவர் எழுதினார். சேர் பார்த்துக் கையெழுத்து வைத்தார். தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் வந்தன. குழு மரியாதையாகக் குடித்துவிட்டுக் கீழே இறங்கியது.

அவர்கள் படி இறங்கும் சத்தம் கேட்டபோதுதான் இன்ஷிராவுக்கு அம்ராவின் முகம் நினைவில் வந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆட்கள் பார்க்கப் படியில் ஓடினாள். கீழே, தெருவில் திரியும் ஊர்மான் ஒன்று உரப்பையின் வாயை இழுத்து, ஒரு காகிதத்தை மென்றுகொண்டிருந்தது. அதை விரட்டி, கை விட்டுத் துழாவி, பதினாலாம் கட்டை எடுத்துக்கொண்டு குழு வந்த வான் வண்டியடிக்குப் போனாள்.

"ஐயா. இது. கழிக்கல்ல. இருக்கு."

பாக்கியரத்தினம் வாங்கிப் பேராசிரியையிடம் கொடுத்தார். அவர் வானின் கதவில் சாய்ந்து நின்று புரட்டினார். ஓரத்து எழுத்துகளைக் காட்டிக் கேட்டார். பாக்கியரத்தினம் நிரோஷினியின் கேள்வியை வாசித்து, அதற்கு வந்த பதிலை வாசித்து, மறுபடியும் அவள் எழுதியதை வாசித்து, பின்பக்கத்துக்கும் போனார். பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"இப்பிடி ஒண்டைப் பாக்கத்தான் வந்தனாங்கள் எண்டு சொல்லுறா. எத்தினை இருக்கு?"

"அறுபத்திரண்டு."

"ஏன் அம்மா மேல வைக்கேல்லை?"

"பழசு ஐயா. நீங்க வாறீங்க எண்டு."

அவர் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இஞ்ச பாருங்கோ அம்மா. எல்லாம் கழிச்சாச்சு எண்டு சேர் சொல்லிக் கையெழுத்தும் வைச்சிட்டார். இப்ப இருக்கு எண்டு நான் எழுதலாம். எழுதினா, நிலையத்தின்ர தலைவர் குழுவுக்குப் பொய் சொன்னவர் எண்டும் சேத்து எழுதோணும். ரெண்டையும் பிரிச்சு எழுத எனக்கு ஏலாது. எழுதட்டோ?"

இன்ஷிரா மேலே பார்த்தாள். மாடி விறாந்தையில் ஸெய்னுதீன் சேர் புதுக் கோட்டோடு நின்று, குழுவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவளையும் பார்த்து, நல்லா வழியனுப்பு என்பதுபோலத் தலையசைத்தார்.

"வேணாம் ஐயா" என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

அவள் தலையாட்டினாள். அவர் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். வான் போனது. கழிச்சாச்சு என்று சேர் சொன்னதை மறுபடி மேலே ஏற்ற மனமில்லாமல், உரப்பைகளை அவள் படிக்கட்டுக்குக் கீழேயே விட்டாள்.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, குசினியில் வைத்து, நடந்ததை எல்லாம் மகளிடம் சொன்னாள். அம்ரா சட்டியைத் தேய்த்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"எழுதுங்க எண்டு சொல்லியிருக்கலாமே உம்மா."

"சேர்ர முகத்தப் பாத்துக்கிட்டு எப்பிடிப் புள்ள?"

"அவங்க விருந்துக்கு வரல்ல உம்மா."

அதன் பிறகு அம்ரா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் இன்ஷிராவுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

குழு வந்துபோன ஏழாவது வாரம் கடிதம் வந்தது. மாணவர்கள் உண்மையில் பயன்படுத்தும் நூல்கள் இருப்பதற்கு ஆதாரம் காணப்படவில்லை. அங்கீகாரம் வழங்க முடியாது. இரண்டு வருடங்களின் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம். சேர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகுதான் கேட்டார்.

"அந்தக் கட்டெல்லாம் எங்க போன, இன்ஷிரா?"

"கீழ இருக்கு சேர். நான்தான் எடுத்து வச்ச."

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். "நானும் கேக்கல்லதானே" என்றார். வானடியில் நடந்ததை அவள் அவருக்குச் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று நிரோஷினி இரண்டு சனிக்கிழமை வந்து இருந்து கதைத்தாள். கட்டுகளை மேலே கொண்டுவந்து அடுக்குவோம், உள்ளதை உள்ளபடி காட்டுவோம் என்றாள். சேர் ஓம் ஓம் என்றார். ஆனால் அங்கீகாரம் இல்லை என்ற செய்தி மூதூர், கிண்ணியா, நகரம் எல்லாம் பரவிவிட்டது. புதிதாகச் சேர இருந்தவர்கள் வரவில்லை. இருந்தவர்கள் ஒருவர் இருவராகக் கழன்றார்கள். கிருஷாந்தன் கொழும்புக்குப் போனான். போகும்போது, "அக்கா, என்னையும் ஒருக்காத் துடைச்சு அனுப்புங்கோ" என்றான். அதற்குச் சிரிக்க வாசிப்பறையில் வேறு ஆள் இருக்கவில்லை. பங்குனி மாதம் சேர் நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றினார்.

இரண்டு வருடத்தை எண்ணி இக்ராம் காத்திருக்கவில்லை. காத்திருப்பதாக அவர் சொல்லவும் இல்லை. வருஷம் முடிந்ததும் சொன்னபடி வாய் திறந்தார்.

இப்போது அந்த மாடியில் மணப்பெண் அலங்கார வகுப்பு நடக்கிறது. சிவப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் வாங்குபவர் கொண்டுபோய்விட்டார். கட்டுகளில் மழையும் மானும் விட்டுவைத்த ஐம்பத்தொன்றை நிரோஷினி தன் வீட்டில் வைத்திருக்கிறாள். இன்ஷிரா மூதூரில் ஒரு பாலர் பாடசாலையைக் கூட்டித் துப்புரவாக்கப் போகிறாள். அம்ராவுக்கு இருபத்தொரு வயது. வீட்டில் இருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கிறாள். கிண்ணியாவில் இன்ஷாப் என்ற பெடியனுக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். மார்கழியில் கலியாணம்.